சாலமோன் ஏற்றிய நுகம்

ஆண்டிமடத்திலிருந்து தெற்கே செயங்கொண்டம் சென்று, கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலை நம் பகுதி மக்களுக்கு நன்கு பழகியது. ஆயர் இல்லத்துக்கும் பேராலயத்துக்கும் செல்வோர், பெண் கொடுத்த ஊருக்குச் செல்வோர், மருத்துவமனைக்குச் செல்வோர் எனப் பலரும் அவ்வழியே பயணம் செய்கிறார்கள். வழியில் முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த பெருங்கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கிறது. 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அந்த விமானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள், அதைச் சுற்றி ஒரு காலத்தில் நின்ற கருங்கல் மதில் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. அது இன்னும் சற்றுத் தெற்கே, கொள்ளிடத்தில் இருக்கிறது. 1836ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் கீழணையைக் கட்டியபோது, அம்மதிலின் கற்களைப் பெயர்த்தெடுத்து அணை வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டனர். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை. கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கொடுத்த வாக்கும் காற்றோடு போயிற்று.

அந்தக் கோயிலை எடுப்பித்தவன் சாதாரண மன்னன் அல்லன். 1023ஆம் ஆண்டளவில் அவன் படை கங்கைக்கரை வரை சென்று மீண்டது. தோற்ற அரசர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்கச் செய்து கொணர்ந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பெருமையோடு பேசுகின்றன. அவ்வெற்றியின் நினைவாகச் சோழகங்கம் என்ற பேரேரியும் புதிய தலைநகரும் அமைந்தன. ஏறத்தாழ 250 ஆண்டுகள் அந்நகரிலிருந்து தென்னாட்டை ஆண்டார்கள். இன்று அது ஒரு சிற்றூர். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில், தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கண்ட செங்கல் அடித்தளங்களே எஞ்சியிருக்கின்றன.

பெருங்கோயில் எழுப்பிய ஓர் அரசன், அவனுக்குப் பின் சிதறிப்போன ஒரு நகரம் என்றால், திருவிவிலியம் படிக்கும் நமக்குச் சாலமோன் நினைவுக்கு வருவது இயல்பே. கி.மு. 970 முதல் 930 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எருசலேமில் ஆட்சி செய்தவர் அவர். அவரைப் பற்றி நம் மறையுரைகளில் இரண்டு செய்திகளையே அதிகம் கேட்டிருக்கிறோம். இளமையில் இறைவனிடம் ஞானம் கேட்டுப் பெற்றார். முதுமையில் வேற்றினத்துப் பெண்களால் மனம் மாறிச் சிலை வழிபாட்டில் விழுந்தார். இரண்டும் உண்மை. எழுநூறு மனைவியர், முந்நூறு வைப்பாட்டியர் என்ற எண்ணிக்கை (1 அர 11:3) யாருக்கும் மறப்பதில்லை. அந்த எண்ணிக்கையே பெரும் திரையாகி, அதற்குப் பின்னால் இருக்கும் மற்றொரு குற்றத்தை மறைத்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எழுநூறு மனைவியர் என்று கேட்டதும், அந்தப் பாவம் நமக்கு எட்டாத தொலைவில் இருப்பதாக எண்ணி நாம் நிம்மதியடைகிறோம். அரசர்கள் முதல் நூலின் மூன்றாம் அதிகாரம் தொடங்கிப் பன்னிரண்டாம் அதிகாரம் வரை ஒரே மூச்சில் வாசித்தால் அந்த நிம்மதி நிலைக்காது.

கிபயோனில் கண்ட கனவிலிருந்து தொடங்குவோம். என்ன வேண்டும் என்று இறைவன் கேட்கிறார். நீண்ட ஆயுளையும் செல்வத்தையும் பகைவரின் உயிரையும் கேட்காமல், மக்களுக்கு நீதி வழங்கத் தெளிந்த உள்ளத்தைக் கேட்கிறார் இளம் அரசர். ஞானம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் அந்த வரம், எபிரேய மூலத்தில் ‘கேட்கும் இதயம்’ என்ற பொருள் தரும் சொற்களால் குறிக்கப்படுகிறது (1 அர 3:9). பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் உள்ளமே ஞானம் என்று அந்நாளில் அவர் அறிந்திருந்தார். அடுத்து வரும் நிகழ்ச்சியே அதற்குச் சான்று. ஒரு குழந்தைக்காக வழக்காடி அரசர் முன் வந்து நின்ற இருவரும் விலைமாதர். ஊரார் ஏறெடுத்தும் பாராத பெண்கள். சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. அவ்விருவரும் பேசி முடிக்கும்வரை அரசர் கேட்டார். கேட்டதனாலேயே தாய் யார் எனக் கண்டார். அந்தத் தீர்ப்பைச் சிறுவயது முதல் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம்.

இதற்குப்பின் நூலாசிரியர் கணக்குகளைக் கூறத் தொடங்குகிறார். நாட்டில் பன்னிரண்டு அதிகாரிகள் நியமிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவரும் ஆண்டில் ஒரு மாதம் அரண்மனைக்கு உணவு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைய அரண்மனைச் சமையலுக்கு மட்டும் முப்பது மரக்கலம் மெல்லிய மாவு, அறுபது மரக்கலம் வேறு மாவு, கொழுத்த மாடுகள் பத்து, மேய்ச்சல் மாடுகள் இருபது, ஆடுகள் நூறு. மானும் கோழியும் தனி (1 அர 4:22-23). ஆலயப் பணி தொடங்கியதும் முப்பதாயிரம் பேர் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்படுகின்றனர். பத்தாயிரம் பத்தாயிரமாக மாதம் மாறி லெபனோன் மலைக்குச் செல்ல வேண்டும்; ஒரு மாதம் காட்டில், இரண்டு மாதம் வீட்டில். இவர்களைத் தவிரச் சுமை தூக்குவோர் எழுபதாயிரம், மலையில் கல் வெட்டுவோர் எண்பதாயிரம், மேற்பார்வையாளர் மூவாயிரத்து முந்நூறு பேர் (1 அர 5:13-16). ஒரு மாதம் காட்டுக்குப் போன உழவனின் நிலத்தை அந்த மாதத்தில் யார் உழுதது என்ற செய்தி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆலயத்தைக் கட்டி முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. அடுத்த வசனத்திலேயே, தம் அரண்மனையைக் கட்ட அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆனதாக ஆசிரியர் சொல்கிறார் (1 அர 6:38, 7:1). விளக்கம் ஏதும் கூறவில்லை. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். விவிலிய ஆசிரியர்களின் இந்த அடக்கமான நையாண்டியை நாம் போதிய அளவு சுவைத்ததில்லை.

ஆலய அர்ப்பணிப்பு நாளில் சாலமோன் சொன்ன மன்றாட்டு திருவிவிலியத்தின் மிக உயர்ந்த மன்றாட்டுகளுள் ஒன்று. வறட்சியில் வாடுவோர், கொள்ளைநோயில் விழுந்தோர், போரில் தோற்றோர், தொலைநாட்டிலிருந்து வரும் அன்னியர் என யார் இவ்வாலயத்தை நோக்கி வேண்டினாலும் விண்ணிலிருந்து கேட்டருள வேண்டும் என்று அவர் மீண்டும் மீண்டும் இறைஞ்சுகிறார். கடவுள் கேட்க வேண்டும் என்று இத்தனை முறை மன்றாடிய அதே வாய், லெபனோன் காட்டில் மரம் சுமந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மன்றாட்டு போலியானது என்று நான் கூற வரவில்லை. மன்றாட்டும் உண்மை, சுமையும் உண்மை. ஒரே மனிதரிடம் இரண்டும் எவ்வித உறுத்தலுமின்றி ஒன்றாக இருக்க முடிந்தது என்பதே அஞ்சத்தக்கது.

இங்கே ஒரு முரண்பாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்பதாம் அதிகாரத்தில், சாலமோன் இஸ்ரயேல் மக்களுள் எவரையும் அடிமையாக்கவில்லை, நாட்டில் எஞ்சியிருந்த பிற இனத்தாரையே கட்டாய வேலைக்கு உட்படுத்தினார் என்று எழுதியிருக்கிறது (1 அர 9:20-22). ஐந்தாம் அதிகாரமோ இஸ்ரயேலர் அனைவரிடமிருந்தும் ஆள் பிடித்ததாகக் கூறுகிறது. அடிமை வேறு, முறை வைத்து வேலைக்குச் செல்பவன் வேறு என்று விளக்கம் தருவோர் உண்டு. அரண்மனை ஏட்டில் அந்த வேறுபாடு தெளிவாக இருந்திருக்கும். ஆனால் யோசேப்பு வீட்டாரின் கட்டாய வேலைக்கெல்லாம் மேற்பார்வையாளனாக எரொபவாம் என்ற இளைஞனைச் சாலமோன் நியமித்தார் என்று பதினோராம் அதிகாரம் சொல்கிறது (1 அர 11:28). யோசேப்பு வீட்டார் இஸ்ரயேலரே. ஆகவே சுமை யார் தோளில் ஏறியது என்பதில் ஐயமில்லை. இந்த எரொபவாம்தான் பின்னாளில் பத்துக் குலங்களைப் பிரித்துக்கொண்டு போனவன். வேலை வாங்கும் இடத்தில் நின்று அம்மக்களின் முகங்களை நாள்தோறும் பார்த்தவன் அவனே.

கட்டாய வேலை என்பது நம் மண்ணுக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களுள் ‘வெட்டி’ என்பது அடிக்கடி காணப்படும் ஒன்று. ஊரார் அரசுக்கோ பொதுப்பணிக்கோ கூலியின்றிச் செய்து தர வேண்டிய உழைப்பை அது குறித்தது. ஆயிரம் ஆண்டுகளில் அச்சொல் நம் பேச்சில் அடைந்திருக்கும் மாற்றம் வியப்பானது. இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை. ‘வெட்டிப் பயல்’ என்றால் வேலையற்றவன். கூலி கிடைக்காத உழைப்பைச் செய்தவனின் பெயரையே சோம்பேறிக்கு வைத்துவிட்டோம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் வெட்டி உழைப்பால் எழுந்தது என்று சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அரசனின் பெருமைக்கும் குடியானவனின் தோளுக்கும் உள்ள உறவு யோர்தான் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் ஒன்றுபோலவே இருந்தது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

சாலமோன் இறந்தார். மகன் ரெகபெயாம் முடிசூடச் செக்கேமுக்கு வந்தபோது மக்கள் ஒரே ஒரு வேண்டுகோளை வைத்தார்கள். உம் தந்தை எங்கள்மேல் பளுவான நுகத்தை வைத்தார். அதைச் சற்று எளிதாக்கும். நாங்கள் உமக்குப் பணிவிடை செய்வோம் என்பதே அது. வேற்றுத் தெய்வங்களின் கோயில்களைப் பற்றி அவர்கள் அன்று பேசவில்லை. நுகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அவர்கள் கேட்டது விடுதலையும் அன்று. சுமை கொஞ்சம் குறைய வேண்டும், அவ்வளவே.

மூன்று நாள் தவணை கேட்டான் ரெகபெயாம். தந்தையின் அவையில் இருந்த முதியோர், இன்று இவர்களுக்குப் பணியாளனாக இருந்து நல்ல சொல் சொன்னால் என்றும் இவர்கள் உம் பணியாளர்களாக இருப்பார்கள் என்றனர். அவனோடு வளர்ந்த இளையோர், தந்தையின் இடையைவிடத் தன் சுண்டுவிரல் பெரியது என்றும், தந்தை சாட்டையால் அடித்தார், தான் முட்சாட்டையால் அடிக்கப்போவதாகவும் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சொல்லே அவனுக்கு இனித்தது. நாற்பத்தொரு வயதில் அரசேறியவன் அவன் (1 அர 14:21). ‘இளைஞர்’ என்று திருநூல் சொல்வது வயதை அன்று போலும். மக்கள் கலைந்தார்கள். அவர்களை அடக்குவதற்கு அவன் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? கட்டாய வேலைக்குத் தலைவனாய் இருந்த அதோராம். மக்கள் அவனைக் கல்லால் எறிந்து கொன்றார்கள். தேரில் ஏறி எருசலேமுக்குத் தப்பியோடினான் அரசன். தாவீது ஒன்றாக்கிய நாடு அன்று இரண்டாகப் பிளந்தது. பின்பு ஒருநாளும் ஒட்டவில்லை.

ரெகபெயாமின் மடமையை அவன் தலையிலேயே கட்டிவிடுவது எளிது. கேட்கும் இதயத்தை வேண்டிப் பெற்ற தந்தையின் வீட்டில் வளர்ந்தவன், கேட்பது எப்படி என்று எங்கே கற்றிருப்பான்? அவன் பிறந்தபோது சாலமோன் அரசேறும் காலம். அரண்மனையும் மதிலும் மில்லோவும் ஆட்சோரும் மெகிதோவும் கெசேரும் எழுவதைப் பார்த்தே வளர்ந்தான். தந்தை கட்டியதைப் பார்த்தான். தந்தை கேட்டதைப் பார்க்கவில்லை.

இதே கங்கைகொண்ட சோழபுரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நடந்ததையும் இங்கு நினைக்கலாம். இராசேந்திரனின் பேரர்களுள் ஒருவனான அதிராசேந்திரன் 1070ஆம் ஆண்டில் மிகக் குறுகிய கால ஆட்சிக்குப்பின் இறந்தான். நாட்டில் குழப்பம். இலங்கையும் கைநழுவிக்கொண்டிருந்தது. அப்போது அரியணை ஏறியவன், இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியின் மகனான முதலாம் குலோத்துங்கன். கலிங்கத்துப் பரணியின் பாட்டுடைத் தலைவனான அவனுக்குப் போர்ப் பெயர்கள் பல உண்டு. ஆனால் மக்கள் நாவில் நிலைத்த பெயர் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’. சரக்குகளின்மேல் வாங்கப்பட்ட சுங்கத்தை அவன் நீக்கினான். அவனும் குறையற்றவன் அல்லன். கலிங்கத்தைப் பாழாக்கியவன், 1086இல் நாட்டின் நிலத்தையெல்லாம் மீண்டும் அளந்து வரி கணக்கிட்டவன். ஆயினும் முடியேற்ற ஒருவன், தனக்கு முன்னோர் வைத்த ஒரு சுமையை இறக்கி வைத்தான். அவன் ஆட்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. செக்கேமில் முதியோர் கூறிய அறிவுரையை அவன் படித்திருக்க வழியில்லை.

ரெகபெயாமின் ஐந்தாம் ஆண்டில் எகிப்திய மன்னன் சீசாக்கு எருசலேமுக்கு வந்து ஆலயச் செல்வங்களையும் அரண்மனைச் செல்வங்களையும் வாரிக்கொண்டு போனான். அப்படையெடுப்பில் தான் கைக்கொண்ட ஊர்களின் பெயர்களை அவன் கர்னாக்குக் கோயில் சுவரில் செதுக்கி வைத்தது இன்றும் இருக்கிறது. சாலமோன் செய்துவைத்த பொற்கேடயங்களும் பறிபோயின. ரெகபெயாம் அவற்றுக்குப் பதிலாக வெண்கலக் கேடயங்கள் செய்தான். ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலர் அவற்றை ஏந்திச் செல்வார்கள். பிறகு காவலறையில் வைத்துவிடுவார்கள் (1 அர 14:25-28). நாடு போயிற்று, பொன் போயிற்று; பவனி மட்டும் குறையவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கழித்து எசேக்கியா அரசர், அசீரியனுக்குக் கப்பம் கட்ட ஆலயக் கதவுகளில் தாம் பதித்த பொன்னையே உரித்துக் கொடுக்க நேர்ந்தது (2 அர 18:16). கி.மு. 587இல் கட்டடமும் இல்லாமல் போயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். வரதராசன்பேட்டை, தென்னூர் போன்ற கத்தோலிக்க ஊர்களைக் கொண்ட ஆண்டிமடம் பகுதியில் நம்பிக்கை வேரூன்றிய குடும்பங்கள் ஏராளம். ஆலயம் கட்டுவதிலும் தேர்த் திருவிழா நடத்துவதிலும் நம்மவர் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அது நல்லதே. கடவுளின் வீடு அழகாக இருக்க வேண்டும் என்பதைச் சாலமோனைவிட நன்றாகச் சொன்னவர் யார்? ஆனால் தலைக்கட்டு வரி என்று ஒன்று நம் ஊர்களில் உண்டு. வெளிநாட்டில் மகன்கள் இருக்கும் வீட்டுக்கும், முந்திரிக் கொட்டை உடைத்துப் பிழைக்கும் கைம்பெண்ணின் வீட்டுக்கும் பல இடங்களில் ஒரே தொகைதான். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் அவள் விரல்களைக் கருக்கியிருக்கும். அவள் கடன் வாங்கியாவது வரியைக் கட்டிவிடுவாள். கட்டாவிட்டால் ஊர்க்கூட்டத்தில் பெயர் வாசிக்கப்படும் என்ற அச்சம். எந்த ஒரு பங்கையும் மனத்தில் கொண்டு இதை எழுதவில்லை. கோபுரத்தின் உயரத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேச இடம் இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு பங்குப் பேரவையும் கேட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்று சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் பறையடிப்பவர் யார்? கல்லறைக்குக் குழி வெட்டுபவர் யார்? கிறித்தவ ஊர்களிலும் இது இன்ன தெருவாரின் கடமை என்று எழுதாத சட்டம் பல இடங்களில் நிலவிவந்திருக்கிறது. கொடுப்பதைப் பெற்றுக்கொள்ள வேண்டும், மறுத்தால் பகை. கல்வெட்டில் இருந்த வெட்டி, பெயர் மட்டும் மாறி நம் தெருக்களில் வாழ்ந்துகொண்டிருந்தது இப்படித்தான். 2003 நவம்பரில் உரோமை சென்ற தமிழக ஆயர்களிடம் புனித இரண்டாம் யோவான் பவுல், சாதி வேற்றுமை கிறித்தவரிடையே நற்செய்திக்கு எதிரான சான்றாகும் என்பதைத் தெளிவாகவே எடுத்துரைத்தார். அதைக் கேட்டவர்களும் உண்டு. மூன்று நாள் தவணை கேட்டவர்களும் உண்டு.

கூலி பற்றித் திருநூல் தயங்காமல் பேசுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் (24:14-15). அயலானிடம் கூலியின்றி வேலை வாங்கித் தனக்கு மாளிகை கட்டிக்கொண்ட யோயாக்கிம் அரசனை இறைவாக்கினர் எரேமியா நேருக்கு நேர் சாடுகிறார் (எரே 22:13-17). நிலத்தை அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார் (யாக் 5:4). கூலியாளுக்கு இழைக்கும் அநீதியை, விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றாகக் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி எண்ணுகிறது (எண் 1867). 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல் இதைத்தான் ஆலை முதலாளிகளின் உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. நம்மில் ஆலை முதலாளிகள் சிலரே. ஆனால் களை எடுக்க, முந்திரி பொறுக்க, கரும்பு வெட்ட ஆள் வைப்பவர்களும், வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வைத்திருப்பவர்களும் பலர். ‘அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்கொள்’ என்ற ஒரு சொல்லில் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்திருக்கும்!

வீட்டுக்குள்ளும் நுகம் உண்டு. மூத்த மகன் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ உழைத்து அனுப்பும் பணத்தில் ஊரார் வியக்க மாடி வீடு எழுகிறது. தங்கையின் திருமணம், தம்பியின் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அவன் தோளில். தொலைபேசியில் தந்தை பேசும்போது வீட்டின் அளவையும் தளத்தின் கல்லையும் பற்றிப் பேசுகிறார். அந்த மகன் சில நேரம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்கிறான். அந்த நிறுத்தத்தைக் கேட்கத் தெரிந்த தந்தையர் சிலர் உண்டு. விடியற்காலையில் எழுந்து இரவு பாத்திரம் கழுவி முடிக்கும் மருமகளின் மூச்சொலியைக் கேட்கத் தெரிந்த மாமியாரும் உண்டு. குடும்பச் செபமாலையில் ஐம்பத்துமூன்று மணிகளையும் தவறாமல் உருட்டும் வீடுகளில்கூட இது கேட்காமல் போவதுண்டு. சாலமோனின் மன்றாட்டும் நீண்டதுதான்.

ஞாயிறு வாசகங்களில் முதலாம் ஆண்டு, பொதுக்காலம் பதினேழாம் ஞாயிறன்று கிபயோன் கனவு வாசிக்கப்படுகிறது. செக்கேமில் மக்கள் வைத்த முறையீடு ஞாயிறு வாசகமாக வருவதில்லை. ஆனால் அம்முறையீட்டுக்கு மறுமொழி ஒன்று அதே ஆண்டில், மூன்று வாரங்களுக்கு முன் பதினான்காம் ஞாயிறன்று நற்செய்தியில் வருகிறது. பெருஞ்சுமை சுமந்து சோர்ந்தவர்களைத் தம்மிடம் அழைத்து, தம் நுகம் எளிது என்று இயேசு கூறும் பகுதி அது (மத் 11:28-30). நுகத்தை எளிதாக்கும் என்று செக்கேமில் எழுந்த குரலைத் தாவீதின் மற்றொரு மகன் கேட்டுவிட்டார் என்றே நான் அதை வாசிக்கிறேன். அடுத்த அதிகாரத்திலேயே, சாலமோனைவிடப் பெரியவர் இங்கே இருப்பதாக அவர் சொல்கிறார் (மத் 12:42).

அந்தத் தாவீதின் மகன் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார்? மத்தேயு தரும் தலைமுறை அட்டவணையில் தாவீது, சாலமோன், ரெகபெயாம் எனத் தொடங்கும் அரச வரிசை, யோசேப்பு என்ற தச்சரிடம் வந்து முடிகிறது. கேதுரு மரத்தைப் பிறர் தோளில் ஏற்றிய அரசரின் வழித்தோன்றல், மரத்தைத் தன் தோளில் சுமந்தவர். நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல அன்னையின் நிழலில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747), தமிழில் ஒரு பெருங்காப்பியம் பாட எண்ணியபோது கண்ணெதிரே அரசர்களுக்கும் பாளையக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. அவர் தேர்ந்த தலைவரோ அந்தத் தச்சர். 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணி முழுவதும் வளன் என்னும் யோசேப்பின் வரலாறே. தன்னேரில்லாத் தலைவனைப் பாட வேண்டும் என்ற காப்பிய மரபுக்குள், உளி பிடித்த ஒரு கையைக் கொண்டுவந்து அமர்த்தினார் அவர். அரசகுலம் என்ற காப்பிய இலக்கணமும் அதனால் குறைபடவில்லை. யோசேப்பு சாலமோனின் வழியினர்தானே!

சாலமோனின் பெயர் எருசலேமில் ஓரிடத்தில் மட்டும் தொடர்ந்து வழங்கியது. ஏரோது விரிவாக்கிய ஆலயத்தில் சாலமோன் மண்டபம் என்ற ஒரு தாழ்வாரம் இருந்தது. இயேசு ஒரு குளிர்காலத்தில் அங்கே உலவினார் (யோவா 10:23). அவர் விண்ணேறியபின் அவருடைய சீடர்கள் கூடியதும் அங்கேதான் (திப 5:12). நாள்தோறும் பிறரால் சுமந்து வரப்பட்டு ஆலய வாயிலில் கிடத்தப்பட்ட கால் ஊனமுற்ற மனிதர், தம் கால்களால் நடந்து பேதுருவைப் பற்றிக்கொண்டு நின்றதும் அந்த மண்டபத்தில்தான் (திப 3:11). கொஞ்ச காலத்திலேயே அச்சிறு சபையிலும் ஒரு முறையீடு எழுந்தது. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு. திருத்தூதர்கள் சீடர் அனைவரையும் உடனே கூட்டினார்கள். ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளும்படி அவர்களிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் மொழியில் அமைந்தவை.